நானூற்றுப் பன்னிரண்டு கோப்பை

முப்பதாவது நாள் விடிந்துவிட்டது. இந்த முப்பது நாளில் அந்த மெஷினைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சமையல் மேடையில் பாதி இடத்தை வளைத்துப் போட்டுக்கொண்டு நின்றது அது. வீட்டிலேயே எஸ்பிரஸ்ஸோ போட்டுத் தரும் மெஷின். உடம்பெல்லாம் பளபளப்பு, நெற்றியில் ஒரு வட்ட மீட்டர், அதில் நடுங்கும் ஒரு முள், பக்கவாட்டில் ஆவி விடும் குழாய். பொத்தானை அழுத்தினால் கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு உறுமும். அவ்வளவு உறுமிவிட்டுக் கோப்பையில் விடுவது இரண்டே மடக்கு. இருமல் மருந்து கொடுப்பவர்கள்கூட இதைவிடத் தாராளமாக ஊற்றுவார்கள்.

வாங்கி வந்தவன் அந்த வீட்டு இளைய பிள்ளை, தம்பி. அப்பாவின் பிறந்தநாள் பரிசு. தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையையெல்லாம் சரிபண்ணி அனுப்புகிறவன், தான் வாங்குகிற பொருளை மட்டும் ஒருநாளும் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கியதில்லை என்பது அவன் மனைவியின் தீர்ப்பு. அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். தொழிலில் எந்நேரமும் பிரேக்கில் கால் வைத்திருப்பாள். வீட்டிலும் காலை எடுப்பதில்லை.

"திருப்பிக் கொடு" என்று டீச்சர் சொல்வதும், "கொஞ்ச நாள் போகட்டும்" என்று தம்பி முனகுவதுமாக நான்கு வாரம் ஓடிவிட்டது. அந்தக் கொஞ்ச நாள் இன்று மாலை ஆறு மணியோடு சரி. முப்பது நாள் தாண்டினால் கடை திருப்பி வாங்காது.

அந்தக் கடையில் திரும்பி வரும் சாமான்களை வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளே இந்த வீட்டுப் பெரியவள்தான். பெரியவள் என்றால் கிழவி இல்லை. இரண்டு பிள்ளைகளில் மூத்தவள், வயது முப்பத்தெட்டு. சின்ன வயதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

பதினோரு வருஷமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, மனித ஜாதியின் மேல் அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. "பெட்டியையே பிரிக்கலைங்க" என்று ஒருத்தர் நீட்டுகிற இஸ்திரிப் பெட்டியில் கருகிய சட்டைக் காலர் ஒட்டியிருக்கும். "வேலையே செய்யல" என்று வருகிற ஷேவருக்குள் ஒரு வாரத்துத் தாடி இருக்கும். "யாரோ பரிசா குடுத்தாங்க" என்று கண் கலங்கினாளே ஒரு அம்மாள், அந்தப் பாத்திரத்தின் அடியில் அவள் பெயரே பொறித்திருந்தது. எத்தனை பொய்! அதிலும் ஒரு பொய்யாவது கேட்கிற மாதிரி இருக்கக் கூடாதா?

பெரியவள் அவர்களிடம் கோபப்படுவதே இல்லை. ஒரு புருவத்தைத் தூக்கிப் படிவத்தை நகர்த்துவாள். அதற்கே பாதிப் பேர் வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு படிவத்தில்கூட அவள் பொய்யாக ஒரு டிக் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளை கர்வம்.

*

காலை ஆறு மணிக்குத் தம்பி மெஷினைப் பெட்டிக்குள் இறக்கி நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். அப்பா வேலைக்குக் கிளம்பி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா பண்றே?"

"கட்டறேன்பா. அக்கா போறப்பவே கார்ல போட்டுடலாம்னு."

"எதுக்கு?"

குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினாள். "எதுக்கா? மாமா, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னதே நீங்கதானே?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். குப்பை."

"அப்ப குப்பைய எதுக்கு வெச்சுக்கணும்?"

அப்பா பெட்டியின் நாடாவை நகத்தால் சுரண்டினார். அவரிடம் பதில் இல்லாமல் அந்த வீடு பார்த்ததில்லை.

காரணம் உண்டு. அப்பாவின் தொழில் ருசி பார்ப்பது. ஊருக்கு வெளியே உள்ள காப்பிக் கிடங்கில் நாற்பது வருஷமாகக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, மோந்து, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, "இது ஏத்துக்கலாம், இது தள்ளு" என்று சொல்வார். அவர் சொன்னால் கிடங்கே திரும்பிப் பேசாது.

வீடு மட்டும் பேசுமா? இந்த வீட்டில் எதையும் முதலில் அப்பா வாயில் வைப்பார். வைத்து "ம்" என்பார். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு அது நன்றாக இருக்கும். முகம் சுளித்தால் தட்டு அப்படியே திரும்பிப் போகும். பிள்ளைகள் இரண்டும் அவர் முகத்தைப் பார்த்தே சாப்பிட்டு வளர்ந்தவை. வந்த மருமகளும் ஆறே மாதத்தில் பழகிவிட்டாள். ஊருக்கெல்லாம் ஆளுக்கொரு நாக்கு, இந்த வீட்டுக்கு மொத்தமாக ஒன்று.

மெஷின் வந்த அன்று அந்த நாக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாத்திரம் கழுவின தண்ணி. மூன்று நாள் மரியாதைக்குக் குடித்துப் பார்த்து, எல்லோரும் பழையபடி சுடுதண்ணீரில் தூளைக் கலக்கப் போய்விட்டார்கள்.

"இருக்கட்டும் விடு" என்றார் அப்பா இப்போது. "வாங்கின சாமானக் கொண்டுபோய் திருப்பிக் குடுக்கறது நம்ம வீட்டுப் பழக்கமில்ல."

டீச்சரின் பார்வை ஒரு நொடி பெரியவள் பக்கம் போய்த் திரும்பியது. பெரியவள் அதைப் பார்த்தாள். பார்க்கத்தானே அனுப்பியது? மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து இரண்டு சூட்கேஸோடு திரும்பி வந்து நின்றவள் அவள்.

அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அது பெரியவளுக்கும் தெரியும். அன்று கதவைத் திறந்தவர் அவர்தான். சூட்கேஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சின்ன ரூம்ல லைட் எரியல, மாத்திடறேன்" என்று பல்பு தேடப் போய்விட்டார். இன்றுவரை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"பெட்டிய எங்கேருந்துடா எடுத்தே?" என்றார் அப்பா. "உள்ள பார்த்தியா?"

"பரண்லேருந்துதான். உள்ள என்ன இருக்கும், தெர்மாகோல்தான்."

"பிரிச்சு வை. மத்தியானம் வந்து நானே கட்டித் தரேன்."

"மத்தியானம் நான் எங்கப்பா இருப்பேன்?" பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது. "எட்டு மணிக்கு நான் கவுண்டர்ல உக்காரணும். குடுடா இங்கே."

அப்பா பெட்டியின் மேல் கை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். படியிறங்கிப் போகிற பெட்டியை மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். குப்பைக்கு இத்தனை வழியனுப்பா என்று நினைத்துக்கொண்டு பெரியவள் காரைக் கிளப்பினாள்.

*

கடையின் பின்கட்டில் ரிப்பேர் பார்ப்பவருக்கு 'டாக்டர்' என்று பெயர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, டோஸ்டர் செத்துப்போனதைக்கூட உறவினரிடம் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொல்வார். பெரியவளுக்குக் கடையில் பிடித்த ஒரே ஆள் அவர்தான். அவரும் வாடிக்கையாளர்களை மதிப்பதில்லை.

"இது யாரோட பிணம்?" என்றார்.

"எங்க வீட்டோடது. காப்பி தண்ணியா விழுது. மணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீக்கிரம் எழுதிக் குடுங்க டாக்டரே."

டாக்டர் மெஷினை மேஜைமேல் வைத்தார். தண்ணீர் நிரப்பினார், கைப்பிடியில் தூளை அழுத்தி மாட்டினார், பொத்தானைத் தட்டினார். அது உறுமியது. மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. கோப்பையில் தேன் மாதிரி மெதுவாக இறங்கி, மேலே பொன்னிறமாக நுரை கட்டியது.

"குடிச்சுப் பாரும்மா."

"எனக்கு காப்பியப் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்கப்பாவத்தான் கேக்கணும்."

"நாக்கு உன்னுதா, உங்கப்பாவோடதா?"

ஒரு வாய் குடித்தாள். நன்றாக இருந்தது.

நம்பாமல் இன்னொரு வாய் குடித்தாள். இன்னும் நன்றாக இருந்தது. கசப்பு கொஞ்சம் நின்று, அப்புறம் இறங்கி, தொண்டையில் ஒரு வாசனை தங்கியது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. மெஷின் வந்த முதல் நாள், அப்பா வாய் திறப்பதற்கு முன்னால், அவள் தெரியாத்தனமாக ஒரு மடக்கு குடித்துவிட்டாள். குடித்ததும் 'அட, பரவாயில்லையே' என்று தோன்றியது. பிறகு அப்பா முகத்தைச் சுளித்தார். அடுத்த மடக்கே அவளுக்குப் பாத்திரம் கழுவின தண்ணீராகிவிட்டது!

முப்பத்தெட்டு வயசு. பதினோரு வருஷமாக ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலை. சொந்த நாக்கு சொன்ன உண்மையை நம்பவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஜென்மங்களை விடக் கேவலமான ஜென்மம் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுக்கு ஒரு நோயும் இல்ல" என்றார் டாக்டர். "எத்தனை கோப்பை ஓடியிருக்குன்னு பார்த்துடுவோம்."

இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால், அது பிறந்ததிலிருந்து எத்தனை கோப்பை போட்டது என்று மீட்டருக்குக் கீழே சின்னத் திரையில் எண் வரும். இது கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. நூறைத் தாண்டியிருந்தால், குறை இருந்தாலொழிய திருப்பி வாங்க முடியாது.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நாலு பேரு. ஒரு கைக்குழந்தை."

"குழந்தையும் குடிக்குதோ?" டாக்டர் மெஷினைத் திருப்பிக் காட்டினார். "நான் இப்பப் போட்டத நீக்கிட்டா நானூத்திப் பன்னெண்டு."

"இருக்காது. மூணு நாளுக்கு மேல நாங்க அதைத் தொடவே இல்ல டாக்டரே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. தொடவே இல்ல. தினமும் பத்துப் பேர் சொல்வது. அதே குரல், அதே அப்பாவித்தனம். டாக்டர் ஒரு புருவத்தைத் தூக்கினார். அது அவளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது.

"குறை இல்லை. கோப்பை 412" என்று ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி மெஷினின் முதுகில் ஒட்டினார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "வேணும்னா பம்ப் பலவீனம்னு எழுதிடறேன். உன் வீட்டு விஷயம். நீ ஒரு டிக் போட்டா முடிஞ்சுது."

"மொதல்ல பெட்டில சாமான் சரியா இருக்கான்னு பார்க்கறேன்" என்றாள் பெரியவள்.

திரும்பி வரும் பெட்டிகளில் ஜனங்கள் எதையெல்லாமோ விட்டுவிட்டு வருவார்கள். பல்செட், மோதிரம், ஒருமுறை விவாகரத்து நோட்டீஸ். அதனால் அடித்தட்டுவரை கிளறிப் பார்ப்பது அவள் வழக்கம். அடித் தெர்மாகோலைத் தூக்கினாள். கீழே ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்ன நோட்டு இருந்தது.

அப்பாவின் கையெழுத்து. கிடங்கில் எழுதுவதுபோலவே கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது அவர் தொழில் முறை. ஒருநாள் தூளை மாற்றியிருந்தார், ஒருநாள் தண்ணீரை, ஒருநாள் நேரத்தை. கொட்டைகளெல்லாம் கிடங்குச் சாம்பிள்.

'1. கசப்பு 4. புளிப்பு 3. மணம் 0.'

'2. கசப்பு 5. புளிப்பு 3. மணம் 0.'

பக்கத்தைப் புரட்டினாள். ஐம்பது, நூறு, இருநூறு. கசப்பு ஏறியது, இறங்கியது. புளிப்பு ஏறியது, இறங்கியது. மணம் மட்டும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு அவர் வீட்டுக்கு வந்தால், நாலு மணிக்கு டீச்சர் வரும்வரை வீட்டில் அவரும் குழந்தையும்தான். ஒருநாளைக்குப் பதினைந்து கோப்பை. முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு. எல்லார் முன்னாலும் குப்பை என்று சொல்லிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் இவ்வளவா? என்ன மனுஷர்!

கடைசிப் பக்கங்களில் காப்பியே இல்லை.

'ஷூ பாலிஷ் - 0.'

'பினாயில் - 0.'

'வெங்காயம் - 0. கண்ணில் மட்டும் தண்ணீர் வருகிறது.'

'மருமகள் காரில் பெட்ரோல் மூடி - 0.'

கடைசி வரி போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது.

'குழந்தையின் தலை - 0.'

அதற்குக் கீழே, அதே வரி மறுபடியும். அதற்குக் கீழே மூன்றாவது முறையும்.

பெரியவள் நோட்டை மூடினாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அப்பா சளியும் காய்ச்சலுமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். எழுந்துவிட்டார், சரியாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சரியாகவில்லை. மோந்து பார்த்தே நாற்பது வருஷம் சோறு தின்ற மனுஷருக்கு மோப்பமே போய்விட்டது. அதைச் சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள் அவருக்குக் கிடைக்கவில்லை. பெரியவளுக்கு அழுகை வந்தது. பின்கட்டில் அழுதால் டாக்டர் பார்ப்பார் என்று லாக்கர் அறைக்குப் போனாள். அங்கே அவள் போனில் அப்பாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் இருந்தன.

படிவத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். காரணம் என்ற கட்டம் காலியாக அவளைப் பார்த்தது. உண்மையை எழுதினால் சீட்டோடு வீட்டுக்குப் போகும், நானூற்றுப் பன்னிரண்டுக்கு டீச்சர் விசாரணைக் கமிஷன் வைப்பாள். பொய்யை எழுதினால் மெஷின் தொலையும், அப்பா தப்பிப்பார்.

ஆனால் அவர் மத்தியானம் தனியாக எதை வைத்துச் சோதனை பண்ணுவார்? மறுபடி பினாயிலையா?

படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். காரணம் எழுதவில்லை.

*

மாலை ஏழு மணிக்குப் பெட்டியோடு படியேறி வந்தவளைப் பார்த்துத் தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

"சொந்தக் கடையிலேயே திருப்பிக் குடுக்க முடியலையா அண்ணி? உங்களுக்கே இந்தக் கதின்னா ஊர்ல மத்தவங்க பாவம்."

"முடியல."

"ஏன்?"

"முடியலன்னா முடியல."

"விடும்மா" என்றான் தம்பி, தன் கால்களைப் பார்த்துக்கொண்டு. "தப்பு என்னுது. இருநூறு பேரு நல்லாருக்குன்னு எழுதினத நம்பி வாங்கினேன் பாரு, என்னச் சொல்லணும்."

இந்த ஒரு மாதமாக அவன் இப்படித்தான் பேசுகிறான். இருவரும் குழந்தையைக் குளிப்பாட்டப் போனார்கள். சமையலறையில் அப்பா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரியவள் மெஷினை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். பக்கத்தில் நோட்டை வைத்தாள்.

அப்பா நோட்டைப் பார்த்தார். அதைத் தொடவில்லை.

"படிச்சியா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கே இல்லை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லப்பா. காப்பி நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

"தெரியும். நூறு கோப்பை தாண்டறப்பவே தெரிஞ்சுபோச்சு, கோளாறு அதுல இல்லன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல? அவன் ஆசையா வாங்கிட்டு வந்தத எல்லாரும் கேக்கக் குப்பைன்னீங்க. ஒரு மாசமா அவ திட்டறா, அவன் தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறான். பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

அப்பாவிடம் இப்படி அவள் பேசியதே இல்லை. கவுண்டரில் நிற்கிறவர்களிடம்கூடப் பேசியதில்லை.

"இருக்கு" என்றார் அப்பா. "ஆனா எப்படிச் சொல்றது? மூக்கு செத்துப்போன ஒருத்தன் பேச்சக் கேட்டு இந்த வீடே நல்ல காப்பியக் கொட்டுதுன்னு சொல்லட்டுமா? நான் 'ம்'னு சொல்லாட்டி யாரும் வாயில வெக்க மாட்டேங்கறீங்களே. நீங்க யாராவது ஒருத்தர் 'இல்லப்பா, நல்லாருக்கு'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சொல்லியிருக்கலாம். அந்த முதல் மடக்கிலேயே சொல்லியிருக்கலாம்.

"கிடங்குல?"

"ஒரு மாசமா கண்ணாலயே ஓட்டறேன். கொட்டையோட நிறம், மூட்டை வந்த இடம், கைல எடுத்தா இருக்கற கனம். இதுவரைக்கும் யாருக்கும் தெரியல." அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு முடியாது. வெளியூர்லேருந்து வாங்கறவங்க வராங்க. ஏழு மணிக்கு நாப்பது கிண்ணம். பேரும் இருக்காது, மூட்டையும் இருக்காது. அவங்க கண்ணு முன்னால நான் மோந்து பார்த்துச் சொல்லணும்."

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நாளைக்கு சொல்லிடலாம். நாளன்னிக்கு?"

பெரியவள் மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷினில் தண்ணீர் நிரப்பினாள். டாக்டர் செய்ததைப் பார்த்து வைத்திருந்தபடி தூளை அழுத்தி மாட்டினாள். அது உறுமியது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்பா பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள்.

"மணம் எத்தனை?"

"எனக்கு மார்க் போடத் தெரியாதுப்பா."

"மார்க்க விடு. என்ன ஞாபகம் வருது?"

கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளெல்லாம் அவர் வார்த்தைகள். தன்னுடையதாக ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. "வறுத்த வேர்க்கடலைத் தோல்... கையில வெச்சுக் கசக்குவோமே, அது. அப்புறம் கொஞ்சம் புதுப் பென்சில் சீவின மாதிரி."

அப்பா எழுதினார். எழுதும்போது அவர் முகம் முப்பது நாளில் முதல் தடவையாக இளகியது. "நல்ல காப்பிடி அது" என்றார் மெதுவாக.

குழந்தைக்கு வெந்நீர் எடுக்க வந்த டீச்சர் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் கெட்டிலைத் தேடினாள். திரும்பிய கையில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரார் பெட்டியில் மறந்துவிட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற பெரியவள், டாக்டரின் சீட்டைப் பிய்த்துப்போட மறந்துவிட்டாள்.

"நானூத்திப் பன்னெண்டு கோப்பையா?" டீச்சரின் குரல் ஏறியது. "யாரு குடிச்சது இத்தனையும்?"

"நான்தான்" என்றாள் பெரியவள்.

பதினோரு வருஷமாகக் கவுண்டரில் கேட்ட பொய்களிலேயே இதுதான் படுமட்டம் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

"நீங்களா? பகல் பூரா கடைல இருக்கீங்க. எப்பக் குடிச்சீங்க?"

டீச்சரின் பார்வை அவளை விட்டு நோட்டுக்குப் போனது. நோட்டிலிருந்து அப்பா கையிலிருந்த பென்சிலுக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி, துண்டில் சுற்றிய குழந்தையோடு உள்ளே வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. நேரே அப்பாவிடம் போய்க் குழந்தையை நீட்டினான்.

"அப்பா, சோப்பு மாத்தியிருக்கோம். வாசனை எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நல்லா இல்லன்னா இதையும் திருப்பிக் குடுத்துடலாம்."

அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டார். ஈரத் தலையின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார். ஒருமுறை, இரண்டு முறை. தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் அந்த "ம்"முக்காகக் காத்திருந்தாள். சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று பெரியவள் நினைத்தாள். ஒரு எழுத்து. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அப்பா நிமிர்ந்தார்.

"தெரியலடா" என்றார்.

அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. தம்பி சிரிக்க ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். நாற்பது கிண்ணம் காத்திருக்கும் காலை ஏழு மணிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை.